டிஸ்க்கை மாத்திப் போட்டது நான்தான்

ஒரு லப்டொப்பின் ஹாட் டிஸ்க்கைக் கழற்றி இன்னொன்றைப் பூட்ட எனக்கு ஏழு நிமிடம் போதும். பூட்டப்போவது நான்தான் என்று எதிரில் நிற்கிற ஆளை நம்பவைக்க முக்கால் மணித்தியாலம் வேண்டும்.

தொழிற்பயிற்சி என்ற பெயரில் எங்கேயோ ஒரு மூலையில் இருத்தப்பட்டு, "இஞ்சை ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ?" என்று உங்கள் முகத்தைப் பார்த்தே கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிக் களைத்த சகோதரிகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கலாம். இடையில் குறுக்கே கதைக்காமல் இருந்தால் சரி.

நான் கம்பஸில் கணினி விஞ்ஞானம், மூன்றாம் வருடம். பயிற்சிக்கென்று என் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் கொழும்புக்கு பஸ் ஏற, நான் யாழ்ப்பாண நகரத்தில் ஒரு மாடிப்படி ஏறினேன். மேலே தயாளன் அண்ணையின் லப்டொப் திருத்தும் கடை. சாமானைத் திறந்து உள்ளுக்குள் என்ன கிடக்கிறது என்று பார்க்கிற ஆசை எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. கடையில் இரண்டு மேசைகள். முன்மேசையில் இருக்கிறவர் வாடிக்கையாளரின் பெயரையும் சாமானின் பழுதையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி லப்டொப்பின் மூடியில் ஒட்டுவார். பின்மேசையில் இருக்கிறவர் திறந்து வேலை பார்ப்பார். போன முதல் நாளே எனக்கு முன்மேசை காட்டப்பட்டது. துண்டு எழுதினேன் என்று பயிற்சி அறிக்கையில் எழுதிக் கொடுத்தால் எங்கள் துறை என்னைத் துண்டாக்கிவிடும். அன்றே சண்டைக்குப் போனேன்.

"நீ செய்வாய் எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை," என்றார் அண்ணை. "சனம் தராது. அதுதான் பிரச்சினை."

"தராத சனத்துக்கு ஆரோ சொல்லிக் குடுக்கவேணும், அண்ணை."

"அப்ப நீயே சொல்லிக் குடு. ஒரு மாசம் தாறன். அதுக்குள்ளை ஒரே ஒரு ஆள் வந்து, 'உந்தப் பிள்ளையே பாக்கட்டும்' எண்டு தன்ரை வாயாலை சொன்னா, பின்மேசை உனக்கு. இல்லாட்டி முன்னுக்கு இருந்து துண்டு எழுது. அதுவரைக்கும் ஜெனாவோடை சேர்ந்து செய்."

ஜெனா என் வயதுக்காரன். கடைக்கு வந்து எட்டு மாதம். நான் திருத்தினாலும் துண்டில் 'திருத்தியவர்' என்ற இடத்தில் அவன் பெயர்தான் விழும், ஆட்கள் கேட்டால் சொல்ல வசதியாக இருக்குமாம். மாதம் தொடங்கியது.

தம்பி சொன்னால் விளங்கும்

முதல் வாரம், நல்லூரிலிருந்து ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் வந்தார். லப்டொப்பை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். போட்டால் திறபட அரை மணித்தியாலம் எடுக்கிறதாம். "தாங்கோ ஐயா, பாப்பம்," என்று கையை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார், பிறகு என் தலைக்கு மேலால் பின்பக்கம் பார்த்தார். "அண்ணை இல்லையோ?" என்றார். சாமான் எடுக்கப் போய்விட்டார், நான் பார்க்கிறேன் என்றேன். "பறவாயில்லைப் பிள்ளை, நான் இருக்கிறன்," என்று கதிரையை இழுத்து இருந்தார். அண்ணை வரவில்லை. ஜெனா சாப்பிட்டுவிட்டு வந்தான். அதிபரின் முகத்தில் வெளிச்சம் வந்தது.

ஜெனா நல்ல பொடியன்தான், ஆனால் டிஸ்க் பழுதா மெமறி போதாதா என்ற கேள்வி வந்தால் என் பக்கம் திரும்பிவிடுவான். "என்ன கௌசி, டிஸ்க்கோ?" என்றான். "டிஸ்க்தான். உள்ளுக்கை சுத்திற பழைய டிஸ்க். அதைக் கழட்டிப்போட்டு எஸ்எஸ்டி போடவேணும். மெமறியும் இன்னும் ஒண்டு கூட்டினா நல்லம்," என்றேன். ஜெனா அதிபருக்கு நேரே நின்று, என் வசனத்தை ஒரு சொல் குறையாமல், குரலை மட்டும் கொஞ்சம் தடிப்பாக்கித் திருப்பிச் சொன்னான். என் வாயிலிருந்து புறப்பட்டபோது அந்தரத்தில் தொலைந்துபோன அதே வசனம், அவன் வாயிலிருந்து நேரே போய் அதிபரின் காதில் ஏறியது. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். லப்டொப்பை அவனிடம் கொடுத்தார். படியிறங்கும் முன் என் பக்கம் திரும்பி, மெய்யான அன்போடு சொன்னார்:

"பாத்தியளே பிள்ளை, தம்பி சொன்னவுடனை எவ்வளவு தெளிவா விளங்குது. நீங்களும் பக்கத்திலை நிண்டு பாத்துப் பழகுங்கோ."

ஐம்பது கிராம்

தெல்லிப்பழைப் பக்கம் வெங்காயம் பயிர் செய்கிற ஐயா ஒருவர், மகனின் லப்டொப்பைத் தந்துவிட்டுப் போயிருந்தார். நான்தான் திறந்தேன். பழைய ஹாட் டிஸ்க்கைக் கழற்றி, அதில் இருந்ததையெல்லாம் புதிய எஸ்எஸ்டிக்கு ஏற்றி, அதைப் பூட்டி மூடினேன். மாலையில் வந்தவர் திரையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. லப்டொப்பை உள்ளங்கையில் வைத்து இரண்டு தரம் மேலே கீழே ஆட்டினார். "பாரம் குறையுது," என்றார். "உள்ளுக்கை ஏதோ எடுத்திட்டியள். ஒரு ஐம்பது கிராம் குறையுது."

எனக்குக் கோபம் வந்தது. புதிய டிஸ்க்கில் சுற்றுகிற தட்டு இல்லை, மோட்டர் இல்லை, அதனால்தான் பாரம் குறைவு என்று சொன்னேன். படம் கீறிக் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை, ஜெனாவைப் பார்த்தார். கழற்றிய டிஸ்க்கையும் புதிதாக ஒன்றையும் எடுத்துக்கொண்டு அவரையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். கீழே பலசரக்குக் கடை. சீனி நிறுக்கிற தராசில் இரண்டையும் வைத்தோம். வித்தியாசம் ஐம்பத்திரண்டு கிராம். கடைக்காரர் சிரித்தார். எனக்கு உடம்பு புல்லரித்தது, மனிதருடைய கை அப்படி ஒரு கை. "ரெண்டு கிராம் பிசகிப்போச்சு," என்று ஐயா தன்னைத் தானே நொந்துகொண்டார். இனி என்னை நம்புவார், அடுத்த தரம் என்னைத்தான் தேடி வருவார் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, லப்டொப்பைப் பைக்குள் வைத்தபடி சொன்னார்:

"சாமான் பாரம் குறைஞ்சு வேலை கூடினதெண்டு நான் சந்தையிலை ஒருக்காலும் காணேல்லை. எதுக்கும் தம்பி ஒருக்கால் திறந்து பாக்கட்டும்."

மிஞ்சிய ஆணி

இது சின்னது. ஒரு லப்டொப்பின் அடியில் பதினொரு திருகாணி. கழற்றும்போது எண்ணி, வரிசையாக ஒரு தேத்தண்ணிப் பீங்கானில் வைப்பது என் பழக்கம். ஜெனா எல்லாவற்றையும் ஒரு குவியலாகப் போடுவான். ஒரு நாள் அவன் மூடி முடிக்க மேசையில் ஒரு ஆணி மிஞ்சியிருந்தது. திரும்பத் திற என்றேன். திறக்கமாட்டேன் என்றான். அடியில் ஓர் ஓட்டை வெறுமனே கிடப்பதைத் தொட்டுக் காட்டினேன். அதைத் துண்டை ஒட்டி மறைத்துவிட்டுச் சொன்னான்: "கௌசி, ஒரு ஆணி மிஞ்சினாத்தான் நாங்கள் உள்ளுக்கை கை வைச்சதெண்டதுக்குச் சாட்சி."

பொருந்தாது

தச்சுவேலை செய்கிற ஒருவர், மகனையும் மகளையும் இரண்டு லப்டொப்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த வரிசையில்தான் நடந்து வந்தார்கள்: முன்னால் தகப்பன், பின்னால் மகன், இரண்டு லப்டொப்களையும் சுமந்துகொண்டு கடைசியில் மகள். "இவவின்ரையிலை ரெண்டு மெமறி கிடக்காம். ஒண்டைக் கழட்டி இவன்ரையிலை போட்டுவிடுங்கோ," என்றார். ஏன் அவவுடையதில் கழற்ற வேண்டும் என்று கேட்டேன். அவ சும்மா எழுதத்தானே பாவிக்கிறா என்றார். மகளைக் கேட்டேன். தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டடப் படம் கீறப் படிக்கிறாளாம். மகனைக் கேட்டேன். அவன் விளையாட்டு ஒன்றின் பெயரைச் சொன்னான். கட்டடம் கீறுவதற்குத்தான் மெமறி கூட வேண்டும், அதைப் பிடுங்கி விளையாட்டுக்குக் கொடுப்பது என்ன நியாயம் என்று கால் மணித்தியாலம் கதைத்தேன். தகப்பன் பொறுமையாகக் கேட்டார். "பிள்ளை, நான் உங்களிட்டை நியாயம் கேட்டு வரேல்லை. மெமறி மாத்த வந்தனான்," என்றார்.

வேறு வழியில்லை, இரண்டையும் திறந்தேன். திறந்ததும் எனக்கு வந்த சந்தோசத்தை மறைக்கப் பெரிய பாடுபட்டேன். மகனுடையது பழைய லப்டொப், மகளுடையது புதியது. மெமறியின் அடியில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். பழையதில் ஓரிடத்தில், புதியதில் வேறோரிடத்தில். ஒன்று மற்றதற்குள் இறங்கவே இறங்காது. தகப்பன் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், நகத்தால் தடவினார். "உந்த வெட்டைக் கொஞ்சம் அரத்தாலை இழுத்துவிட்டா இறங்கும்," என்றார். மகன் ஓம் என்று தலையாட்டினான். அரம் போட்டால் இரண்டு லப்டொப்பும் சேர்ந்து போகும் என்று நான் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. புறப்படும்போது மகள் என் மேசைக்குக் கிட்ட வந்து மெல்லச் சொன்னாள்:

"அக்கா, பொருந்தாதெண்டு ஒரு துண்டிலை எழுதித் தாங்கோ. வீட்டிலை அம்மாவும் கேப்பா."

ஸ்ராஃப் றூமில் அவசரமில்லை

மாதம் முடிய நான்கு நாள் இருந்தது. அன்று ஒரே நேரத்தில் இரண்டு லப்டொப்கள் வந்தன. ஒரே கறுப்பு, ஒரே மொடல். ஒன்று அரியாலையிலிருந்து வந்த விஞ்ஞான ரீச்சருடையது, மெமறி கூட்ட வேண்டும். மற்றது கரவெட்டிக் கலியாணத் தரகர் கந்தவனம் ஐயாவுடையது, போட்டால் திறபடவே இல்லை. பழுது டிஸ்க்கிலா வேறெதிலுமா என்று அறிய எங்களிடம் ஒரு முறை உண்டு: சந்தேகமான டிஸ்க்கைக் கழற்றி, அதே மொடல் நல்ல லப்டொப் ஒன்றுக்குள் போட்டுப் பார்ப்பது. ரீச்சரின் டிஸ்க்கைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, தரகரின் டிஸ்க்கை ரீச்சரின் லப்டொப்பில் போட்டேன். உடனே திறபட்டது. அப்படியென்றால் டிஸ்க் நல்லது. தரகரின் மெமறியைச் சோதித்தேன், அதுதான் போயிருந்தது. சந்தோசமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து முன்னால் ஒருவர் வந்து, "ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?" என்று கேட்டார். நான் எழும்பிப் போய் அவரோடு இருபது நிமிடம் வாதாடினேன். வென்றேன் என்றுதான் நினைக்கிறேன், அவர் போய்விட்டார். திரும்பி வந்து, இரண்டுக்கும் புது மெமறி பூட்டி, மேசையில் கிடந்த டிஸ்க்கை, டிஸ்க் இல்லாமல் கிடந்த லப்டொப்பில் போட்டு, இரண்டையும் மூடினேன். மேசையில் கிடந்தது ரீச்சரின் டிஸ்க். டிஸ்க் இல்லாமல் கிடந்தது தரகரின் லப்டொப். தரகரின் டிஸ்க் ரீச்சருடையதுக்குள்ளேயே நின்றுவிட்டது. இரண்டும் அழகாகத் திறபட்டன. இரண்டு திரையிலும் வாங்கும்போது வந்த அதே மலைப்படம். வாடிக்கையாளரின் கோப்புகளை நோண்டக்கூடாது என்பது கடைச் சட்டம். அதை அன்று நான் மிகவும் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்.

மறுநாள் மத்தியானம் ரீச்சர் போனில் கூப்பிட்டார். பத்தாம் வகுப்புக்குத் தாவரக் கலத்தின் படம் காட்டப்போய், சுவரில் பெரிதாக விழுந்தது சுவிஸில் இருக்கிற ஒரு மாப்பிள்ளையாம். பக்கத்தில் உயரம், நட்சத்திரம், செவ்வாய் எந்த வீட்டில் என்ற விபரம். பிள்ளைகள் அடுத்ததைக் காட்டச் சொன்னார்களாம். மன்னிப்புக் கேட்டேன், உடனே கொண்டுவரச் சொன்னேன், நானே வந்து எடுக்கவா என்றும் கேட்டேன். ரீச்சர் நிதானமாகச் சொன்னார்:

"அவ்வளவு அவசரமில்லைப் பிள்ளை, நாளைக்குக் காலமை கொண்டுவாறன். எங்கடை ஸ்ராஃப் றூமிலை ரெண்டு பேர் இன்னும் பாத்து முடியேல்லை."

யாருடைய பிழை

சொன்னபடி ரீச்சர் காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியில் லப்டொப்பைத் தந்துவிட்டுப் போனார். தரகருக்குப் போன் அடித்துப் பார்த்தேன், அவர் எடுக்கவில்லை. "துண்டிலை என்ரை பேர்தானே கிடக்கு," என்றான் ஜெனா. "நான் பேச்சு வாங்கிறன். நீ வாயைத் திறந்தா அண்ணை உன்னை முன்னுக்குத்தான் அனுப்புவார். விடு." நினைத்துப் பார்த்தால் உண்மைதான். மாதம் முடிய இரண்டு நாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழை அவனுடையது, நான் சுத்தம்.

பதினொரு மணிக்குக் கந்தவனம் ஐயா வந்தார், தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை. நேரே ஜெனாவிடம் போனார். "தம்பி, நீரோ உதைத் திருத்தினது? நேற்று ரெண்டு பகுதியையும் ஒண்டா இருத்திப்போட்டு, மாப்பிள்ளையின்ரை படம் காட்டுறனெண்டு திறக்கிறன், தவளையின்ரை குடல். பெம்பிளையின்ரை தாய் எழும்பி உள்ளுக்கை போயிட்டா." அண்ணை பின்மேசையில் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தார். ஜெனா பணிவாக, "ஓம் ஐயா, என்ரை பிழைதான்," என்றான். அதைக் கேட்டதும் எனக்குள் ஏதோ அறுந்தது. நான் சரியாகச் செய்ததெல்லாம் இவன் கணக்கில் போனதைப் பொறுத்தேன். என் பிழையையும் கொண்டுபோகப் பார்க்கிறான்.

"இல்லை ஐயா. டிஸ்க்கை மாத்திப் போட்டது நான்தான்," என்றேன்.

"பிள்ளை, நீங்கள் உதுக்குள்ளை கையை வைக்காதேங்கோ."

"கையை வைச்சபடியாத்தான் உது நடந்தது."

"கௌசி, சும்மா இரு," என்றான் ஜெனா.

"நீ சும்மா இரு. இதைக் கழட்டேக்கை நீ கடையிலேயே இல்லை. தேத்தண்ணிக்குப் பணிஸ் வாங்கப் போனனீ."

தரகர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு பிழைக்கு இரண்டு பேர் அடிபடுவதை அவர் தன் தொழிலில் கண்டிருக்கமாட்டார். நான் ஒன்றும் விடாமல் சொன்னேன்: எந்த டிஸ்க்கை எதற்குள் போட்டேன், எதற்காகப் போட்டேன், யாரோடு வாதாடப் போனேன், திரும்பி வந்து எதை எடுத்து எதற்குள் பூட்டினேன். சொல்லச் சொல்ல அவர் தலைக்கவசத்தைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அப்ப என்ரை டிஸ்க் இப்ப எதுக்குள்ளை கிடக்கெண்டு உமக்கு வடிவாத் தெரியும்," என்றார்.

"தெரியும் ஐயா."

"தம்பி, உமக்கு?"

ஜெனா வழக்கம்போல என் பக்கம் திரும்பினான். தரகர் அண்ணையைப் பார்த்து, "அப்ப தம்பி தொடவேண்டாம். உந்தப் பிள்ளையே பாக்கட்டும்," என்றார்.

அண்ணை கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினார், பின்மேசைக் கதிரையைக் கையால் ஒருதரம் தட்டிவிட்டு, முன்மேசையில் போய் இருந்து, துண்டுக் கொப்பியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

நான் அந்தக் கதிரையில் போய் இருந்தேன். கந்தவனம் ஐயா கதிரையைக் கிட்ட இழுத்துப்போட்டு, நான் கழற்றுகிற ஒவ்வொரு ஆணியையும் பார்த்தார். இடையில் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். என்ன நட்சத்திரம் என்று கேட்டார். டிஸ்க் மாற்ற நட்சத்திரம் தேவையில்லை என்றேன். கலியாணம் என்பது நட்சத்திரத்தில் இல்லை, இரண்டு பேரின் விருப்பத்தில் இருக்கிறது என்று தொடங்கி, டிஸ்க் இரண்டும் அதனதன் இடத்துக்குப் போய் மூடி பூட்டுகிற வரைக்கும் நான் கதையை நிறுத்தவில்லை. அவர் திறந்து பார்த்தார். மாப்பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள், தவளை போய்விட்டது. திருப்தியாகச் சட்டைப் பையிலிருந்து சின்னக் கொப்பி ஒன்றை எடுத்து, என்னைக் கேளாமலே என் பெயரையும் ஊரையும் எழுதிவிட்டு, பேனையைக் கொஞ்சம் நிறுத்தி யோசித்தார். பிறகு சொன்னார்:

"தன்ரை பிழையைத் தானே ஒத்துக்கொள்ளுற பிள்ளையெண்டு உள்ளதை எழுதினா ஒருத்தனும் கிட்ட வரமாட்டான். அமைதியான பிள்ளையெண்டு போடுறன்."

ஆக, நான் சரியாகச் செய்த வேலைகளெல்லாம் ஜெனாவின் பெயரில் ஊர் ஊராகப் போய்ச் சேர, பிழையாகச் செய்த ஒன்றே ஒன்றுதான் என் பெயரில் நின்று எனக்கு ஒரு மேசையை வாங்கித் தந்திருக்கிறது.